கொம்பி வேனின் உயரமான கட்டில்

கேகாலையில் நான் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் காகிதப் பொட்டலமுமாக பாரூக் நின்றிருந்தார். பொட்டலத்துக்குள் சூடாக மாலுபாண் இருந்தது. முக்கோண பன்னுக்குள் மீனையும் உருளைக்கிழங்கையும் மிளகு தூக்கலாகப் போட்டு அடைத்த பண்டம். கோயம்புத்தூரில் நாங்கள் பப்ஸ் தின்னும் நேரத்துக்கு இவர்கள் இதைத் தின்கிறார்கள். தோளில் மாட்டிய பையை இறக்காமலே இரண்டைத் தின்று முடித்தேன்.

"வேன் கடைக்குப் பின்னால ஈக்கி மிஸ். மழை விட்டதும் பாப்போம்" என்றார் பாரூக். இருக்கு என்பதை அவர் ஈக்கி என்றுதான் சொல்வார். இரண்டு நாளில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

பாரூக்குக்குக் கேகாலையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை. எனக்கும் என் கணவருக்கும் கோவையில் ஒரு சிறு பட்டறை. வேன்களுக்குள் படுக்கையும் அடுப்பும் அலமாரியும் பொருத்தித் தருகிறோம். வெல்டிங் அவர் வேலை; எதை எங்கே வைப்பது என்பது என் வேலை. எங்கள் வேன் ஒன்றின் வீடியோவை எங்கேயோ பார்த்துவிட்டு பாரூக் எழுதியிருந்தார். அவரிடம் ஒரு பழைய கொம்பி வேன் வந்திருக்கிறது, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும், உள்ளே ஒழுங்குபடுத்த வரைபடம் வேண்டும், பத்து நாள் வந்து போக முடியுமா என்று. படத்தில் மட்டும் பார்த்திருந்த வண்டி. நான் யோசிக்கவே இல்லை.

வேன் தகரக் கொட்டகைக்குள் நின்றது. உருண்டை முகம், பின்னால் எஞ்சின், ஒரு காலத்தில் பச்சையும் வெள்ளையுமாக இருந்திருக்க வேண்டிய உடம்பு. இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது ஒரு தோட்டத்துத் துரையிடம் விட்டுவிட்டுப் போனார்களாம். பங்களாக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்து, பிறகு துரையின் டிரைவர் சிவலிங்கத்திடம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு பாரூக் அதை வாங்கினார். ஆனாலும் அந்த கியர் சிவலிங்கத்தின் கைக்கு மட்டும்தான் படியும் என்பதால் வண்டியை எடுக்க வேண்டியபோதெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும்; ஒல்லியான மனிதர். கேட்டால்தான் பேசுவார்.

சறுக்குக் கதவைத் திறந்து உள்ளே ஏறியதும் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். கதவை ஒட்டி முன்பக்கமாக, டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்குப் பின்னால் ஒரு குட்டி அலமாரி. மேல் பலகையைத் தூக்கினால் இரண்டு பர்னர் அடுப்பும், கையால் பம்ப் அடித்துத் தண்ணீர் வரவைக்கும் எஃகுத் தொட்டியும். அதற்குக் கீழே தகரம் அடித்த ஐஸ் பெட்டி. ஒற்றைக் காலில் நிற்கும் மடிப்பு மேசை. கூரையைத் தள்ளினால் ஒரு பக்கம் எழும்பும். கான்வாஸ் சுவர் விரியும். அங்கே குறுக்கே இரண்டு துணித் தொட்டில்கள். இந்த வண்டிகளைச் செய்தவர்களுக்கு ஒரு பொருள் ஒரு வேலை மட்டும் செய்தால் பொறுக்காது. பகலில் இருக்கை என்றால் இரவில் அது படுக்கையாக வேண்டும்.

அந்த அழகைக் கெடுத்துக்கொண்டு ஒரு கட்டில் நின்றது. டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து எஞ்சின் மூடிவரை, வலப்பக்கச் சுவரோடு நீளமாக, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரத்தில். அதில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு விளிம்புப் பலகை வேறு. நடுவில் ஓர் இடத்தில் பலகை இரண்டு விரல் பள்ளமாக இருந்தது; அதில் நாரும் ரப்பருமாக எதையோ அடைத்திருந்தார்கள். மட்டம் பார்க்கத் தெரியாதவன் செய்த வேலை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, பாரூக்கிடம் சொல்லவும் செய்தேன். சிவலிங்கம் பக்கத்தில்தான் நின்றார்.

மறுநாள் காலை தச்சு வேலைக்கு சுனில் பாஸ் வந்தார். இங்கே கைவேலைக்காரர் எல்லாருக்கும் பாஸ் என்றே பெயர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சிவலிங்கம் நடுவில் நின்று பேசினார். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் மில்லிமீட்டர் விடாமல் அளந்து எழுதினேன். நாற்பது படம் எடுத்தேன். கட்டிலை அளக்கவில்லை. போகிற சாமானை எதற்கு அளப்பது?

கழற்றும்போது சிவலிங்கம் ஒரே ஒரு தடவை கேட்டார்: "மிஸ், இது வேணவே வேணாமா?"

வேண்டாம், தூக்கிப் போடச் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தானே ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். பலகைகளை சுனில் பாஸ் விறகுக்கு ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று மாலையே பின்பக்கத்தில் அகலமாக ஒரு மடிப்புப் படுக்கையைத் தற்காலிகமாகப் பொருத்திவிட்டோம். வேனுக்குள் நடக்க இடம் கிடைத்தது. எனக்கு வெகு திருப்தி.

மூன்றாம் நாள் சோதனை ஓட்டம். பாரூக், நான், ஓட்டுவதற்கு சிவலிங்கம். வளைவில் பாத்திரம் உருள்கிறதா, மேட்டில் ஐஸ் பெட்டி திறந்துகொள்கிறதா என்பதெல்லாம் மலையில்தான் தெரியும். ரப்பர் காடுகளுக்குள் புகுந்து புகுந்து போனோம். மரத்துக்கு மரம் பால் பிடிக்கச் சிரட்டை கட்டியிருந்தது. வால்பாறை ஏறியவளுக்கு வளைவுகள் புதிதல்ல. ஆனால் வால்பாறைப் பாதையில் எதிரே வருபவன் ஹாரன் அடிப்பான். இங்கே தனியார் பஸ்காரன் வளைவு திரும்பிய பிறகுதான் தான் இருப்பதையே தெரிவிக்கிறான்.

புளத்கொகுபிட்டியவில் ஒரு கடையில் தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்ட சம்பலும் தின்றோம். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. பால் இல்லாத தேநீர், கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. எங்கள் ஊரில் பால் இல்லாமல் டீ கொடுத்தால் வீட்டில் ஏதோ சங்கடம் என்று அர்த்தம். கருப்பட்டியோடு குடித்த பிறகு பால் எதற்கு என்று தோன்றியது.

கடைக்காரப் பெண் வெளியே வந்து, கொம்பியின் வலப்பக்க ஜன்னலில் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு சிவலிங்கத்திடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவர் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். "வழக்கமா வர்ற ஆளு வரலையான்னு கேட்டாங்க" என்றார். பாரூக்கின் கடை ஆள் யாரையோ கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தது. சிவலிங்கம் வண்டியைப் பின்னால் உருட்டி ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். மழையும் வந்தது. கேபிள் தன் கடையிலேயே இருப்பதாகச் சொல்லி, வந்த பஸ்ஸில் பாரூக் கேகாலைக்குத் திரும்பிப் போனார். வர மூன்று மணி நேரமாவது ஆகும். சிவலிங்கம் கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் வீடு மேலேதான், வந்து ஒரு டீ குடிக்கலாம் என்றார்.

வீட்டுக்குப் போகும் பாதை பாதியில் இல்லை. முந்தைய பெருமழையில் ஒரு பாகம் சரிந்து ஓடைக்குள் போயிருந்தது. மண் மூட்டைகள் மேல் கால் வைத்து ஏறினோம். தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு வாரத்தில் வாகனம் போகும் என்று அவர்களில் ஒருவர் சிவலிங்கத்திடம் சொன்னார்.

லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி அறை, அவர்கள் பேச்சில் காம்பரா, அவருடையது. உள்ளே ஜன்னலோரம், ஜன்னல் கட்டைக்குச் சமமான உயரத்தில் போட்ட கட்டிலில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். அவர் மனைவி லெட்சுமி. ஆறு வருஷத்துக்கு முன்பு ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில், பால் வாளியோடு ஈரச் சரிவில் விழுந்து முதுகெலும்பு முறிந்ததாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நிமிர்ந்து உட்கார முடியாது.

"நீங்கதான் வேனுக்குள்ள வூடு கட்டுறவங்களா அக்கா? இவரு சொன்னாரு" என்றாள். முகம் முழுக்க ஆவல்.

அடுத்த காம்பராவில் இருக்கும் அவள் தங்கை சுடச்சுட டீயும், உப்புப் போட்டு அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். லெட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தியாவில் வேனில் கட்டிலை எப்படிப் போடுவார்கள்? எஞ்சின் பின்னால் இருந்தால் சூடு மேலே வராதா? வளைவில் ஆள் உருளாமல் இருக்க என்ன செய்வீர்கள்? என் வாடிக்கையாளர்கள் யாரும் இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை. உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள், மூன்றாவது கேள்வியில்தான் மெல்ல விஷயத்தைப் புரிந்துகொண்டேன்.

"நம்ம வேன்ல தல டிரைவர் பக்கம், காலு எஞ்சின் பக்கம்" என்றாள் அவள். "தல அங்கின இருந்தாத்தான் இவரோட பேசிக்கிட்டே போகலாம். குளுருக்கு காலுக்கு எஞ்சின் சூடு நல்லது. எல்லாரும் கட்டிலு ஒசரம் ஒசரம்னு சொல்லுவாங்க. நான் உக்காரவா போறேன்? எனக்கு தலைக்கு மேல எடம் எதுக்கு, ஜன்னல்தான வேணும்."

பள்ளமும் அவள் யோசனைதான். இடுப்பு எலும்பு பலகையில் அழுந்தினால் புண் வரும் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். அதற்காக அந்த இடத்தில் மட்டும் பலகையைத் தாழ்த்தி, தேங்காய்த் தும்பும் ரப்பரும் வைத்து நிரப்பியிருக்கிறார்கள். அவள் சொல்லச் சொல்ல சிவலிங்கம் வெட்டியிருக்கிறார். மாதம் ஒரு முறை கேகாலை ஆஸ்பத்திரிக்கு அந்தக் கட்டிலில்தான் போய் வந்தாள். ஒரு தடவை கடலையும் பார்த்தாளாம், படுத்தபடியே. பாதை சரிந்த பிறகு மூன்று மாதமாகக் கிளினிக்குக்குப் போகவில்லை. ஓடாத வண்டியை வைத்திருக்க வழியில்லாமல் விற்றிருக்கிறார்கள். பாதை திறந்ததும் கிளினிக் நாளுக்கு மட்டும் வேனைத் தருவதாகவும், கட்டிலில் கை வைப்பதில்லை என்றும் பாரூக் வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"கட்டிலு இருக்குல்ல அக்கா?" என்று கேட்டாள்.

சிவலிங்கம் வாசலில் டீ கிளாஸோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குங்க. பத்திரமா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவள் முகத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் அந்த அறையில் எனக்குக் கிடைத்த மரியாதையை இழக்க மனம் வரவில்லை. கையில் அவர்கள் கொடுத்த கிழங்கு இருந்தது.

இறங்கும்போது சிவலிங்கம் முன்னால் நடந்தார். மண் மூட்டைகளைத் தாண்டிய பிறகு திரும்பாமலே சொன்னார்: "நேத்தெல்லாம் அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன் மிஸ். இன்னைக்கு சொல்லிறலாம்னு இருந்தேன். இனி சொல்ல முடியாது."

கேபிளோடு வந்த பாரூக்கிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் நடுரோட்டில் தலையில் கை வைத்துக்கொண்டார். வாய்ப்பேச்சாகச் சொன்னது, மறந்தே போய்விட்டது என்றார். சிவலிங்கத்திடம் திரும்பி, நீயாவது வாய் திறந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். "வித்த வண்டிதான மொதலாளி" என்றார் சிவலிங்கம். நான் கேபிள் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரிக்கத் தொடங்கினேன். அவர் வாய் திறந்து கேட்டது எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியும் முன்பே சுனில் பாஸ் வீட்டுக்குப் போனோம். கால் துண்டுகளும் விளிம்புப் பலகையும் மிச்சம் இருந்தன. பள்ளம் வெட்டிய பலகை அடுப்புக்குப் போயிருந்தது. சுனில் பாஸின் மனைவி காரணம் தெரியாமல் எங்களுக்குப் பாற்சோறு வைத்தாள்.

நான் எடுத்த நாற்பது படங்களில் ஒன்றில் மட்டும் கட்டிலின் ஒரு மூலை தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த திருகு ஓட்டைகளைப் பார்த்து உயரத்தைக் கணித்தேன். பள்ளம் எங்கே ஆரம்பித்தது என்பது மட்டும் தெரியவில்லை. சிவலிங்கம் கையை விரித்து இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம் என்று காட்டினார். பலகையில் அவளைக் கிடத்தி அவள் சொன்ன இடத்தில் கோடு போட்டு வெட்டியதாகவும், தான் அளந்து பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

"வீட்டுக்கு ஒரு போன் போட்டு அவங்ககிட்டயே கேட்டுடலாமே" என்றேன்.

"என்னன்னு மிஸ் கேக்குறது?" என்றார்.

நான்கு நாள் வேலை நடந்தது. தோராயத்தில்தான் பள்ளம் வெட்டினோம். தும்புக்குப் பதிலாக நல்ல ஃபோம் வைத்தேன். மேலே பூப்போட்ட துணி தைத்துப் போட்டேன். விளிம்பை இழைத்து வார்னிஷ் அடித்தோம். வேலை முடிந்து பார்த்தபோது பழையதைவிட அழகாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையிலும் பொய் சொன்னதாகிவிடும்.

என் பயணத்தின் கடைசிக்கு முந்தைய நாள் கிளினிக் நாளாக அமைந்தது. பாதையில் கொட்டிய கல் மேல் கொம்பி முனகிக்கொண்டு ஏறி, லயத்துக்கு இருபதடி கீழேவரை போய்விட்டது. சிவலிங்கம் மனைவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவோரம் கூடினார்கள். கட்டிலில் கிடத்தியதும் லெட்சுமி துணியைத் தடவிப் பார்த்து, புதுசு போட்டிருக்கீங்களா என்று சிரித்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி நகர்ந்தது.

முதல் வளைவில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில் அவள் தோள் வழுக்கி விளிம்பில் மோதியது. கையால் பலகையின் ஓரத்தைத் தடவினாள். தலைக்குப் பின்னால் தடவினாள்.

"அக்கா, இது நம்ம கட்டிலு இல்ல" என்றாள்.

முன்னால் சிவலிங்கம் வேகத்தைக் குறைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது, விறகுக்குப் போனது, அவள் வீட்டில் உட்கார்ந்து நான் சொன்னது. ஜன்னல் வழியே ரப்பர் மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் கடைசியில். "அளவு எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் சொல்லியிருப்பேனே."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலை தெரிந்த ஒருவர் வேலை தெரியாத இன்னொருவரிடம் பேசும் குரல் அது. தலைப் பலகையிலிருந்து பள்ளம் வரைக்கும் நாலு சாணும் மூணு விரலும், எங்க வூட்டுக்காரர் சாணால், என்றாள். பள்ளத்தின் நீளம் இரண்டு சாண். ஓரத்தைச் சரிவாக இழைக்க வேண்டும், நேராக வெட்டினால் அறுக்கும். நோட்டை எடுத்து எழுதினேன். எழுத்து வளைவுக்கு வளைவு ஓடியது.

நான் அவள் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன். பள்ளத்தின் விளிம்பு நேராக எலும்பின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவளுக்கு உணர்ச்சி இல்லை. என் விரல்களுக்கு இருந்தது. துப்பட்டாவை மடித்து உள்ளே திணித்தேன். போதவில்லை என்று கையையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். கேகாலை வரைக்கும் அப்படியே போனோம். திரும்பும்போது பாரூக் வீட்டிலிருந்து இரண்டு தலையணை வாங்கிவந்து வைத்தோம்.

அடுத்த நாள் விமானம். சாண் கணக்கை சிவலிங்கத்தின் கையை வைத்து மில்லிமீட்டராக்கி, வரைபடம் போட்டு, சுனில் பாஸிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். விமான நிலையத்தில் பாரூக் ஒரு பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து பாரூக் படம் அனுப்பினார். வரைபடத்தில் உள்ளபடியே கட்டில் தயாராகியிருந்தது, பள்ளத்தின் ஓரம் சரிவாக இழைத்திருந்தது. லெட்சுமி படுத்துப் பார்த்தாளா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். சிவலிங்கத்தைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் போய்வந்ததில் இடுப்பில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது, இன்னும் ஆறவில்லை, ஆறும்வரை எங்கேயும் அசைக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள் என்றார். உங்களால் இல்லை மிஸ், பாதை மோசம் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை திரும்பவும் கூப்பிட்டு, லெட்சுமியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். என்ன பேசுவது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை. கோயம்புத்தூரில் மழையா, வேலை எப்படிப் போகிறது, இப்போது செய்யும் வேனில் கட்டிலை எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில் நான்தான் புண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் ஆறிருச்சுக்கா" என்றாள். "சுத்தமா ஆறிருச்சு."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.